மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்: சக்கரம் மாட்டுவதும் டிஸ்க் பிரேக் தேர்வதும்

கடலூரில் மலை என்று பெயர் வாங்கியது ஒன்றே ஒன்றுதான், கேப்பர் மலை. அதை வெளியூர்க்காரர்களிடம் மலை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் காது குளிரும், அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் ஊரிலும் புதுச்சேரியிலும் தடித்த டயரும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட மலைச் சைக்கிள்களுக்குக் குறைவில்லை. குறை சொல்லவும் முடியாது. ஆரோவில்லின் செம்மண் பாதைகளுக்கும், ஊசுட்டேரிக் கரைக்கும், மழைக்குப் பின் குழியாகிப் போகும் நம் தெருக்களுக்கும் அந்த டயர் வேண்டியதுதான்.

போன மாதம் இலாசுப்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு ஃபிரேமையும் இரண்டு சக்கரங்களையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். ஃபிரேம், யாரோ ஒரு வெளிநாட்டவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. சக்கரங்கள், தள்ளுபடி விலையில் இணையத்தில் வாங்கியவை.

"மாமா, பின்சக்கரம் உள்ளே போகவில்லை. ஃபிரேமைக் கொஞ்சம் விரித்தால் போய்விடும், இல்லையா?"

அளந்து பார்த்தேன். ஃபிரேமின் இடைவெளி 135 மில்லிமீட்டர். சக்கரத்தின் ஹப், அதாவது அச்சைச் சுமக்கும் நடுக்குடம், 148. அலுமினியம் ஃபிரேமை 13 மில்லிமீட்டர் விரித்தால் சக்கரம் உள்ளே போகும். ஃபிரேம் பழைய இரும்புக் கடைக்குப் போகும். சக்கரத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அவனுக்கு அன்று சொல்லிக்கொடுத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்கேல், பிறகு பணம்

டயரின் பக்கவாட்டில் 57-584 என்பது போல இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். முதலாவது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, டயர் ரிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம். நம்ப வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. மலைச் சைக்கிளில் 26 அங்குலம் என்று சொல்வது 559, 27.5 என்பது 584. 29 என்பது 622. அங்குலக் கணக்கு ஏமாற்றும். 26 × 1 3/8 என்று போட்ட சாதாரண சைக்கிள் டயரும் பேச்சில் 26 அங்குலம்தான், ஆனால் அதன் எண் 590. மலைச் சைக்கிளின் 559 ரிம்மில் அது நிற்காது. கடையில் "இருபத்தாறு டயர் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்து திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது அச்சு. முன்சக்கரம் மாட்டும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவே, உள்பக்கம் அளக்க வேண்டும். அச்சு உட்கார, திறந்த வாய் கொண்ட காதுகளும் லீவர் வைத்த மெல்லிய கம்பியும் இருந்தால் அது குவிக் ரிலீஸ். முன்னால் 100, பின்னால் 135 மில்லிமீட்டர் இருக்கும். ஃபோர்க்கின் கால்களில் வட்டமான துளை இருந்து, அதன் வழியாகத் தடித்த உருளை ஒன்று நுழைந்து மரையில் இறுகினால் அது த்ரூ ஆக்சில். அதில் முன்னால் 15 மில்லிமீட்டர் தடிமனுடன் 100 அல்லது 110 அகலம். பின்னால் 12 மில்லிமீட்டர் தடிமனுடன் 142 அல்லது 148. இந்த 110, 148 அளவுகளைத்தான் பூஸ்ட் என்கிறார்கள். சில ஹப்புகளில் இருமுனை மூடிகளை மட்டும் மாற்றி 135ஐ 142 ஆக்கலாம். 148ஐ 135 ஆக்க வழியில்லை.

பின்சக்கரத்தில் இன்னொன்றையும் பாருங்கள். பல்சக்கரக் கொத்து ஹப்பின் மரையில் திருகி ஏறுகிறதா, அல்லது வரிகள் கொண்ட உருளையில் வழுக்கி உள்ளே போய் ஒரு வளையத்தால் இறுகுகிறதா? முன்னது ஃப்ரீவீல், விலை குறைந்த ஏழு கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் அதுதான். பின்னது கேசட். ஒன்றின் ஹப்பில் மற்றது ஏறாது.

கடைசியாக பிரேக் மாட்டும் இடம். ஃபோர்க்கின் இடது காலிலும், ஃபிரேமின் இடது பின்பக்கத்திலும் இரண்டு துளைகள் இருக்க வேண்டும். போல்ட் சைக்கிளின் குறுக்கே, அச்சுக்கு இணையாக நுழைந்தால் அது ஐ.எஸ். வகை, துளைகளுக்கு இடையே 51 மில்லிமீட்டர். போல்ட் முன்னும் பின்னுமாக, சைக்கிள் ஓடும் திசையில் நுழைந்தால் அது போஸ்ட் மவுண்ட், இடைவெளி 74. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற அடாப்டர் கிடைக்கிறது. துளையே இல்லாத ஃபிரேம் என்றால் டிஸ்க் ஆசையை விட்டுவிடுங்கள். வெல்டிங் பட்டறையில் இரண்டு காதுகளை ஒட்டித் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது அந்த இரண்டு துளைகளின் மேல்தான் மொத்த முறுக்கும் இறங்குகிறது.

எந்த டிஸ்க் பிரேக்?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் செலவழிக்கிறார்கள், பெரும்பாலும் தவறான இடத்தில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிறுத்தினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 3,000 ஜூல். அதே 85 கிலோ 100 மீட்டர் உயரத்திலிருந்து வேகம் கூடாமல் இறங்கினால், காற்றின் தடையை விட்டுவிட்டால், 83,000 ஜூல் சொச்சம். அதாவது 28 முறை நிறுத்துவதற்குச் சமம், இடைவெளியே இல்லாமல். பெரிய ரோட்டாரும் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டு), நான்கு பிஸ்டன் கேலிப்பரும் (பிஸ்டனால் பேடுகளைத் தள்ளி அந்தத் தட்டைக் கவ்வும் பகுதி) இந்த வெப்பத்தைத் தாங்கவும் இறக்கத்தில் கை சோராமல் இருக்கவும் உருவானவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவருக்கு அவை தேவை. மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவருக்கு அவை நகை.

கடலூரிலும் புதுச்சேரியிலும் பிரேக்கைக் கெடுப்பவை உப்புக் காற்றும், மாவு போன்ற செம்மண்ணும், ஐப்பசி கார்த்திகை மழையும்தான். எனவே இங்கே பிரேக் தேர்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு வலுவாகப் பிடிக்கும் என்பதல்ல. எவ்வளவு நாள் அடைத்துக்கொள்ளாமல், துருப்பிடிக்காமல், அக்கம்பக்கத்தில் பேட் கிடைக்கும்படி இருக்கும் என்பதுதான்.

கேபிளில் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க், எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் என்று இரண்டு வகை. மெக்கானிக்கலுக்கு எளிமைதான் பெருமை: கேபிள் அறுந்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் மாற்றிவிடலாம். ஆனால் கடற்கரை ஊரில் அந்தக் கேபிள்தான் அதன் பலவீனமும். உறைக்குள் ஈரம் இறங்கி, உப்பு சேர்ந்து, இரண்டு மழைக்காலத்தில் லீவர் கல்லாகிவிடும். விலை மலிந்த மெக்கானிக்கல் கேலிப்பர்களில் ஒரு பக்கப் பேட் மட்டுமே நகர்ந்து ரோட்டாரை மறுபக்கப் பேடின் மேல் வளைத்து அழுத்துகிறது. பேட் தேயத் தேய நாமே திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஹைட்ராலிக்கில் குழாய் முழுக்க மூடியது, உப்புக்கு உள்ளே வேலை இல்லை. பேட் தேய்ந்தால் பிஸ்டன் தானே முன்னேறி ஈடுசெய்துகொள்ளும். ஒரு விரலால் பிடிக்கலாம்.

என் தீர்ப்பு இது: கையில் பணம் இருந்தால் இரண்டு பிஸ்டன் கொண்ட எளிய ஹைட்ராலிக், அதுவும் மினரல் ஆயிலில் ஓடுவது. ஷிமானோ, டெக்ட்ரோ இரண்டின் ஹைட்ராலிக் பிரேக்குகளும் மினரல் ஆயிலில் ஓடுபவை. ஷிமானோவின் எம்டி200 போன்ற அடிமட்ட வகையே நம் தரைக்குப் போதும். எஸ்ராம் பிரேக்குகளில் பல டாட் (DOT) என்னும் பிரேக் திரவத்தில் ஓடுகின்றன. டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பெயிண்டில் சிந்தினால் அதையும் உரித்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பைக் மெக்கானிக்குகள் கைராசிக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் கையில் இருக்கும் பிரேக் ஆயில் டாட் திரவம். மினரல் ஆயில் பிரேக்கில் அதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிப் பாழாகும். "எல்லாம் ஒரே ஆயில்தான் சார்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். லீவரின் மூடியில் எந்தத் திரவம் என்று அச்சிட்டிருக்கும்; அதைக் காட்டிவிட்டு சைக்கிளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ரோட்டார் அளவு 160, 180, 203 மில்லிமீட்டர் என்று போகும். விட்டம் கூடக் கூட நெம்புகோல் நீளம் கூடுகிறது: 160லிருந்து 180க்குப் போனால் பிடிக்கும் வலு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடும். இரண்டு பக்கமும் 160 போதும் என்பேன். எடை 90 கிலோவைத் தாண்டினாலோ, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போகும் எண்ணம் இருந்தாலோ முன்னால் மட்டும் 180. அளவை மாற்றினால் கேலிப்பருக்கு அடாப்டரும் மாற வேண்டும். ஃபோர்க் எந்த அளவு வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார், அதைத் தாண்டாதீர்கள்.

பேடில் ரெசின், மெட்டாலிக் என்று இரண்டு. ரெசின் சத்தமில்லாமல், மென்மையாகப் பிடிக்கும். சேற்றில் சீக்கிரம் கரையும். மெட்டாலிக் நீடித்து உழைக்கும்; ஈரத்தில் கொஞ்சம் கத்தும், ரோட்டாரையும் வேகமாகத் தேய்க்கும். மழைக்காலம் முழுக்க செம்மண்ணில் ஓட்டுபவருக்கு மெட்டாலிக் நல்லது. ஆனால் விலை குறைந்த ரோட்டார்கள் சிலவற்றில் ரெசின் பேட் மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருக்கும். அதில் மெட்டாலிக்கைப் போட்டால் தேய்வது பேட் அல்ல, ரோட்டார்.

எந்தக் கை லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வலது கை முன்பிரேக்குக்குப் பழகியது, பைக்கிலும் அப்படித்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் இடது கைதான் முன்பிரேக். வெளிநாட்டவரிடம் வாங்கும் சைக்கிளில் இது மாறியிருக்கும். அக்கா மகன் வாங்கியதிலும் அப்படித்தான் இருந்தது. அவசரத்தில் கை பழக்கத்துக்குத்தான் போகும். ஓட்டும் முன் மாற்றிவிடுங்கள்.

டயரும் ரோட்டாரும் ஏறட்டும்

டயர் ஏற்றுவது பஞ்சர் கடையில் எல்லோரும் பார்த்த வேலைதான். மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். பக்கவாட்டில் திசை அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். ரோட்டார் இடப்பக்கம் வரும் என்பதை நினைவில் வைத்து டயரை வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். டியூபில் வடிவம் வரும் அளவு மட்டும் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வையுங்கள், கிள்ளுப்படாது. டயரின் ஓரமாக ஓடும் மெல்லிய கோடு ரிம்முக்கு மேலே சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிந்த பிறகே முழுக் காற்று. எழுபது கிலோ ஆளுக்கு 2.1 அங்குல டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ என்று தொடங்கி, பிறகு உங்கள் முதுகு சொல்வதைக் கேளுங்கள்.

ரோட்டாரைத் தொடும் முன் கையைக் கழுவுங்கள். கிரீஸ் பட்ட விரலால் ரோட்டாரின் பிடிக்கும் பகுதியைத் தொடவே கூடாது. ஆறு போல்ட் வகையா, சென்டர்லாக் என்னும் வரிப்பல் வகையா என்பதை ஹப்பே தீர்மானித்திருக்கும். ஆறு போல்ட் வகையில் ரோட்டாரில் இருக்கும் அம்புக்குறி சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். ஆறு போல்ட்டையும் முதலில் கையால் திருகி, பிறகு டார்க்ஸ் டி25 சாவியால் ஒன்றுக்கு எதிரே ஒன்று என்று நட்சத்திரம் போடுவது போல மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வரிசையாக இறுக்கினால் ரோட்டார் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். ஷிமானோ சொல்லும் இறுக்கம் 2 முதல் 4 நியூட்டன் மீட்டர்தான்; மற்ற தயாரிப்பாளர்கள் சற்று அதிகம் சொல்லலாம், உறையில் உள்ளதைப் பாருங்கள். கைவலுவைக் காட்டினால் ஹப்பின் மரை உரிந்துவிடும், அதன் பிறகு ஹப்பையே மாற்ற வேண்டும். சென்டர்லாக் இதற்கு நேர் எதிர்: வளையத்தை 40 நியூட்டன் மீட்டர் வரை நன்றாக இறுக்க வேண்டும்.

சுழலும் ரோட்டார் அருகே விரலைக் கொண்டு போகாதீர்கள். அது வட்டமான கத்தி. சுற்றுகிற சக்கரத்தைக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்தால் முதலில் அவர்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

முன்சக்கரம்

கேலிப்பரின் பேடுகளுக்கு நடுவே கப்பலில் வரும்போது வைத்த பிளாஸ்டிக் துண்டு இருந்தால் இப்போது எடுங்கள். எடுத்ததைத் தூக்கி எறியாதீர்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் சக்கரம் இல்லாதபோது லீவரைப் பிடித்தால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டு உதவும். நடந்துவிட்டால் பயப்பட வேண்டாம்: பேடுகளைக் கழற்றிவிட்டு, டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பியால் பிஸ்டன்களை மெல்ல உள்ளே தள்ளலாம். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், பிஸ்டன்களில் பல பீங்கான் போன்ற பொருளால் ஆனவை, உடையும்.

இனி சைக்கிளை நேராக நிறுத்துங்கள். நம் ஊரில் எல்லோரும் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் வேலை செய்கிறோம். ஹைட்ராலிக் பிரேக்கில் அப்படிச் செய்தால் லீவர் தொட்டியில் இருக்கும் சிறு காற்று குழாய்க்குள் போய், திருப்பி நிறுத்தியதும் லீவர் பஞ்சு போல உள்ளே போகும். நேராக வைத்து இருபது முறை பிடித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். இன்னொரு காரணமும் உண்டு: சைக்கிளின் எடை சக்கரத்தின் மேல் இறங்கினால்தான் அச்சு காதுகளின் அடிவரை போய் உட்காரும்.

குவிக் ரிலீஸ் கம்பியில் இரண்டு கூம்புச் சுருள்கள் இருக்கும்; குறுகிய முனை உள்பக்கம், ஹப்பைப் பார்த்து இருக்க வேண்டும். லீவர் எந்தப் பக்கம்? பழைய வழக்கப்படி இடப்பக்கம் வைப்பார்கள். டிஸ்க் பிரேக் சைக்கிளில் ரோட்டாருக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலப்பக்கம் வையுங்கள். ஷிமானோவின் கையேடும் அதையே சொல்கிறது. திறந்துகிடக்கும் லீவர் ரோட்டாருக்குள் மாட்டினால் முன்சக்கரம் அந்த நொடியே நிற்கும், ஓட்டுபவர் நிற்க மாட்டார். இந்த ஆபத்துக்காகவே 2015இல் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்துக் குவிக் ரிலீஸை மாற்றிக் கொடுத்தது. பழைய சைக்கிளில் சோதிக்க எளிய வழி: லீவரை முழுவதும் திறந்து, அதற்கும் ரோட்டாருக்கும் நடுவே பென்சில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் கம்பியை மாற்றுங்கள்.

சக்கரத்தைக் கீழிருந்து ஏற்றும்போது கண் ரோட்டாரின் மேல் இருக்கட்டும். அது இரண்டு பேடுகளுக்கும் நடுவே நேராக நுழைய வேண்டும். முட்டினால் தள்ளாதீர்கள், சாய்வை மாற்றிப் பாருங்கள். அச்சு இரண்டு பக்கமும் முழுதாக உட்கார்ந்ததும் லீவரைப் பாதி மடக்கி, அதாவது கம்பிக்கு நேர்கோட்டில் நீட்டி நிறுத்தி, எதிர்ப்பக்க நட்டைக் கையால் இறுக்குங்கள். அந்த இடத்திலிருந்து லீவர் எதிர்க்கத் தொடங்க வேண்டும். பிறகு உள்ளங்கையால் அழுத்தி மூடினால் கையில் அதன் தடம் பதிய வேண்டும். தடம் பதியாவிட்டால் தளர்வு, மூடவே முடியாவிட்டால் அதிக இறுக்கம். நட்டை அரைச் சுற்று மாற்றி மீண்டும் மூடுங்கள். லீவரை நட்டு போலச் சுற்றிச் சுற்றி இறுக்குகிறவர்களைத் தெருவுக்கு ஒருவர் பார்க்கிறேன். அது மூடுவதற்கு உள்ள பொருள், சுற்றுவதற்கு உள்ளதல்ல.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், முன்பக்கக் கேலிப்பர் ஃபோர்க்கின் பின்னால் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது, அங்கே மேலேறிச் சுழலும் ரோட்டாரை அது கீழ்நோக்கித் தள்ள, அச்சும் கீழ்நோக்கி, காதின் திறந்த வாய் வழியாக வெளியேறப் பார்க்கிறது. தளர்ந்த குவிக் ரிலீஸும் நல்ல பிரேக்கும் சேர்ந்தால் ஆபத்து. காதுகளின் நுனியில் சிறு மேடுகள் இருக்கும், அந்த ஆபத்தைத் தடுக்கத்தான். சக்கரம் சீக்கிரம் கழல வேண்டும் என்று சிலர் அவற்றை அரத்தால் ராவிவிடுகிறார்கள். செய்யாதீர்கள்.

த்ரூ ஆக்சிலில் இந்தக் கவலை இல்லை. உருளையைத் துடைத்து, மெல்லியதாக கிரீஸ் பூசி, உள்ளே தள்ளி, மரை பிடித்ததும் முனையில் அச்சிட்ட அளவுக்கு இறுக்கினால் முடிந்தது. கிரீஸை விட்டுவிடாதீர்கள். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றை ஒன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதம் கழித்துச் சுத்தியலைத் தேட வேண்டாம்.

பின்சக்கரம்

கியரை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பின்கியர்க் கையைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் செயின் வளையம் திறக்கும். செயினின் மேல்பகுதி மிகச் சிறிய பல்லின் மேல் உட்காரும்படி சக்கரத்தை நுழைத்து, அதே நேரத்தில் இடப்பக்கம் ரோட்டாரும் பேடுகளுக்கு நடுவே போக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வாசலில் தலை நுழைப்பது போன்ற வேலை. முதல் தடவை ஒருவரை இருக்கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் முன்சக்கரத்தைப் போலத்தான்.

சர் சர் என்று உரசினால்

சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். விட்டு விட்டு உரசினால் ரோட்டார் எங்கோ வளைந்திருக்கிறது. விடாமல் உரசினால் கேலிப்பர் நடுவில் இல்லை. பின்னதற்கு மருந்து எளிது: கேலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் அது பக்கவாட்டில் ஆடும் அளவு மட்டும் தளர்த்துங்கள். லீவரை அழுத்திப் பிடித்து, பிடித்தபடியே இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். இன்னும் உரசினால், கேலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்து, போல்ட்டுகளை மறுபடி தளர்த்தி, எந்தப் பக்கம் வெளிச்சம் இல்லையோ அந்தப் பக்கம் கேலிப்பரைக் கையால் மெல்ல நகர்த்தி இறுக்குங்கள்.

மெக்கானிக்கலில் நகராத பேடுக்குத் தனித் திருகு இருக்கும். கல்யாணப் பத்திரிகையின் உறையிலிருந்து ஒரு துண்டு வெட்டி அந்தப் பேடுக்கும் ரோட்டாருக்கும் நடுவே வைத்து, தாள் இறுகும் வரை பேடை முன்னால் கொண்டு வந்து, தாளை உருவிவிடுங்கள். பிறகு கேபிளை இறுக்கினால் போதும். வீட்டில் அந்த உறைகளுக்குப் பஞ்சம் இருக்காது.

வளைந்த ரோட்டாரை, எண்ணெய் படாத சுத்தமான ஸ்க்ரூ ஸ்பேனரால் உரசும் இடத்தில் பிடித்து மயிரிழை அளவு எதிர்ப்பக்கம் வளைக்கலாம். பெரிய வளைவு என்றால் மாற்றிவிடுவதே நல்லது. ரிம்மே ஆடினால் அது ஸ்போக் கோட்டம். கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நம் ஊர்ப் பழைய சைக்கிள் கடைக்காரர்கள் அந்த வேலையில் வல்லவர்கள்.

புதிய பேடைப் பழக்குதல்

புதிய பிரேக் முதல் நாள் சரியாகப் பிடிக்காது. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். பேடின் பொருள் மெல்லிய படலமாக ரோட்டாரில் படிந்த பிறகே பிடிப்பு வரும். வண்டிகள் இல்லாத காலை நேரத்தில், நேரான தெருவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், நடை வேகம் வரும் வரை ஒரே சீராகப் பிடியுங்கள். முழுக்க நிறுத்தாதீர்கள், சக்கரம் வழுக்கவும் விடாதீர்கள். முன்பிரேக்கில் இருபது முறை, பின்பிரேக்கில் இருபது முறை. பிறகு 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துப் பத்து முறை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்களே என்று அங்கே போகாதீர்கள். அது நடப்பவர்களின் நேரம். அக்கா மகனும் நானும் கேப்பர் மலை இறக்கத்தில் முடித்தோம். பதினைந்தாவது முறைக்குப் பிறகு லீவரில் ஒரு கடி வந்ததை அவனே உணர்ந்து சொன்னான்.

உப்பு, செம்மண், வாட்டர் சர்வீஸ்

சில ஆண்டுகளுக்கு முன், கடற்கரைக்குப் போய் வந்த சைக்கிளின் ரோட்டாரில் பழுப்புப் படலத்தைப் பார்த்துப் பதறி, துரு நீக்கும் ஸ்பிரேயை அதன் மேலேயே நன்றாக அடித்தேன். மறுநாள் அதே கேப்பர் மலை இறக்கத்தில் இரண்டு லீவரையும் முழு வலுவோடு அழுத்தியும் சைக்கிள் பாட்டுக்குப் போனது. வேலிக்காத்தான் புதர்தான் என்னை நிறுத்தியது. அந்தப் படலத்தை நான்கு முறை பிரேக் பிடித்தாலே போக்கியிருக்கலாம். முள் எடுக்க அரை நாள் ஆயிற்று.

எண்ணெய் பட்டுவிட்டால் ரோட்டாரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும். பேடை உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம். உள்ளே ஊறியிருந்தால் புதிது வாங்குவதே வழி. கேஸ் அடுப்பில் சுட்டால் எண்ணெய் எரிந்துவிடும் என்று கேட்டு நானும் சுட்டேன். வீடு இரண்டு நாள் நாறியது, பேட் அப்படியேதான் இருந்தது.

வாட்டர் சர்வீஸ் கடைக்கு மலைச் சைக்கிளைக் கொண்டு போகாதீர்கள். அழுத்த நீர் ஹப்பின் சீலைத் தாண்டி உள்ளே போய் பேரிங்கின் கிரீஸை வெளியேற்றும். அதைவிட மோசம், கழுவிய பின் பளபளப்புக்காக அடிக்கிறார்களே டீசலும் எண்ணெயும் கலந்த கலவை, அது ரோட்டாரில் படிந்தால் மேலே சொன்ன புதர்க் கதைதான். ஒரு வாளி நீர், பழைய பல்துலக்கி, துணி போதும். செம்மண் காய்ந்த பின் தட்டிவிட்டு, பிறகு நீர் ஊற்றுங்கள். ஈரத்தில் தேய்த்தால் உப்புத்தாள் வேலை செய்யும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருக்களில் வெள்ளம் நின்றது. மாடிப்படியின் கீழே நிறுத்திய சைக்கிள்கள் பல அச்சு வரை மூழ்கின. அப்படி மூழ்கியதை அப்படியே ஓட்டாதீர்கள். ஹப்பைப் பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, புதிது வைக்க வேண்டும். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தாலோ, சுற்றும்போது மணல் அரைவது போல விரலில் உணர்ந்தாலோ பேரிங் போய்விட்டது.

தேய்மானத்துக்கு இரண்டு எண்களை மனத்தில் வையுங்கள். ஷிமானோ ரோட்டார் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5 ஆனதும் மாற்ற வேண்டும். பேடின் உராயும் பொருள் 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அன்றே மாற்றுங்கள். பேடின் பின்தகட்டில் பொறித்த எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் கடையில் ஒப்பிட்டு வாங்க எளிது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பேடுகள் கேலிப்பருக்குள் போகாமல் நிற்கும்.

அக்கா மகன் சரியான 135 சக்கரத்தை வாங்கி மாட்டி, புதுச்சேரிக்கே ஓட்டிக்கொண்டு போனான். வீடு போய்ச் சேர்ந்ததும் அழைத்தான். முதல் ஓட்டம் முடிந்ததும் ரோட்டார், கேலிப்பர் போல்ட்டுகளை ஒருமுறை சாவி வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

"பார்த்தேன் மாமா. பின்பக்கக் கேலிப்பரின் மேல் போல்ட் கால் சுற்று ஏறியது."